இரண்டு கிழமைக்கு ஒருக்கால் காட்டுங்கள்



சென்ற இதழில் இரவுப் பணியையும் நித்திரையையும் பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்துவிட்டு, மென்பொருள் படிக்கும் பிள்ளைகள் சிலர் என்னிடம் வேறொரு கேள்வியோடு வந்தார்கள். "அக்கா, படிக்கிற இடத்தில எங்களுக்கு அஜைல் முறை படிப்பிக்கினம். வேலை பழகப் போன இடத்தில எல்லாம் பழைய முறை. முதலில பெரிய திட்டம், பிறகு கையெழுத்து, பிறகு அனுமதி, ஒரு வருசம் கழிச்சுத்தான் ஆட்கள் கண்ணால பாக்கினம். இந்த இரண்டையும் எப்பிடிச் சேர்க்கிறது?"

இதை ஏன் ஒரு தாதியிடம் கேட்கிறீர்கள் என்று முதலில் சிரித்தேன். யோசித்துப் பார்த்தால் கேட்கவேண்டிய இடத்தில்தான் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதும் மென்பொருள் வந்து சேரும் இடங்களில் ஒன்று நோயாளரின் கட்டிலடி. அங்கே அதைக் கையில் எடுப்பது எங்களைப் போன்றவர்கள். அதனால் இந்த மாதம் மருந்தை விட்டுவிட்டு மென்பொருள் பற்றிக் கதைப்போம். கணினி படிக்காத பிள்ளைகளும் வாசியுங்கள். நாளைக்கு நீங்கள் ஆசிரியராகவோ வங்கியிலோ வேலை செய்யும்போது ஒரு புதிய அமைப்பு உங்கள் மேசைக்கும் வரும்.

முதலில் பழைய முறை. ஒரு வீடு கட்டுவதுபோல: என்ன வேண்டும் என்று எழுதுவது, வரைபடம் போடுவது, கட்டுவது, சோதிப்பது, சாவியைக் கொடுப்பது. ஒன்று முடிந்த பிறகுதான் மற்றது. தண்ணீர் மேலிருந்து கீழே விழுவதுபோல் ஒரே திசையில் போவதால் இதை அருவி முறை என்பார்கள். இதைப் பற்றிப் பேசும் எல்லோரும் வின்ஸ்டன் ராய்ஸ் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் 1970இல் எழுதிய கட்டுரையைச் சுட்டிக்காட்டுவார்கள். அந்தப் படிக்கட்டுப் படம் அதில் இருப்பது உண்மை. ஆனால் அப்படியே செய்தால் ஆபத்து என்றுதான் அவர் அதே கட்டுரையில் சொல்கிறார். சோதனை கடைசியில் வருகிறது, அங்கே பிழை தெரிந்தால் திரும்ப மேலே ஏறவேண்டி வரும் என்பது அவருடைய கவலை. முடிந்தால் முதலில் ஒரு சிறு மாதிரியைச் செய்து பாருங்கள், வாடிக்கையாளரை இடையிடையே சேர்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். படத்தை எடுத்துக்கொண்டவர்கள் எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள்.

அஜைல் என்ற பெயர் 2001 பெப்ரவரியில் பிறந்தது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு இடத்தில், 17 மென்பொருளாளர்கள் கூடி ஒரு சிறு அறிக்கை எழுதினார்கள். அதன் சாரம் எளிது. வேலையைச் சிறு துண்டுகளாகச் செய்யுங்கள். ஒவ்வொரு துண்டையும் ஓடக்கூடிய நிலையில் பாவிப்பவருக்குக் காட்டுங்கள். அவர் சொல்வதைக் கேட்டு அடுத்த துண்டைத் தீர்மானியுங்கள். திட்டம் வேண்டாம், எழுத்து வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. அவற்றைவிட ஓடும் மென்பொருளுக்கும் மனிதருக்கும் கூடிய மதிப்புக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

வைத்தியசாலையைப்போலப் பழைமையான, சட்டதிட்டம் நிறைந்த இடம் வேறு இராது. யார் எந்த மருந்தைக் கொடுக்கலாம், எதற்கு யாருடைய கையெழுத்து வேண்டும், எல்லாவற்றுக்கும் விதி உண்டு. ஆனால் அதே இடம் மிகச் சிறிய சுற்றுகளில்தான் ஓடுகிறது. தாதியத்தில் நாங்கள் முதல் ஆண்டிலேயே படிப்பது ஒரு வட்டம்: நோயாளரைப் பார், பிரச்சினையைக் கண்டுபிடி, திட்டமிடு, செய், பலன் என்ன என்று திரும்பிப் பார். பணி மாறும்போது அடுத்தவரிடம் ஒப்படைப்பு, காலையில் வைத்தியரின் சுற்று, பலகைக்கு முன்னால் ஒரு சிறு கூட்டம். விதிகள் அப்படியே நிற்கின்றன. அவற்றுக்குள்ளே திட்டம் ஒவ்வொரு நாளும் திருத்தப்படுகிறது. அருவியும் வட்டமும் ஒரே கூரையின் கீழ் இருக்க முடியாது என்று யாராவது சொன்னால் ஒரு வார்டில் ஒரு நாள் இருந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் வைத்தியசாலையிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். படுக்கையில் இருப்பவரின் நிலை மோசமாவதை முன்கூட்டிக் கண்டுபிடிக்க நாங்கள் புள்ளி போடுகிறோம். பிரித்தானியாவின் அரச மருத்துவர் கல்லூரி 2012இல் வெளியிட்ட 'நியூஸ்' முறை இதில் பிரபலமானது. மூச்சு, குருதியில் ஒட்சிசன், வெப்பநிலை, குருதியமுக்கம், நாடித்துடிப்பு, விழிப்பு ஆகியவற்றைப் பார்ப்பதோடு, நோயாளருக்கு ஒட்சிசன் கொடுக்கப்படுகிறதா என்பதையும் சேர்த்துப் புள்ளி போடுவார்கள். புள்ளி 0 என்றால் குறைந்தது 12 மணித்தியாலத்துக்கு ஒருக்கால் பார்த்தால் போதும். 1 முதல் 4 என்றால் 4 முதல் 6 மணித்தியாலத்துக்கு ஒருக்கால். 5, 6 என்றால் மணிக்கு ஒருக்கால். 7 அல்லது மேல் என்றால் கண்ணை எடுக்காமல் கவனிக்கவேண்டும்.

ஆபத்துக் கூடக் கூடப் பார்க்கும் இடைவெளி குறைகிறது. நான் இன்று உங்களுக்குச் சொல்ல வந்தது இதுதான். பெரிய நிறுவனங்கள் மென்பொருள் செய்யும்போது இதற்கு நேர்மாறாக நடக்கின்றன. செயற்றிட்டம் பெரிது, பணம் பெரிது, ஆபத்துப் பெரிது என்றால் கூடுதலான பக்கங்கள் எழுதி, கூடுதலான கையெழுத்து வாங்கி, பாவிப்பவர் கண்ணில் காட்டும் நாளைத் தள்ளிப் போடுகிறார்கள். பயத்தினால் இடைவெளியைக் கூட்டுகிறார்கள்.

நம் வாசலிலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. டோஸ்ட்ருப் தலைநகரப் பிராந்தியத்தில் இருக்கிறது. மேற்கே ரோஸ்கில்டவுக்குப் போனால் அது சீலண்ட் பிராந்தியம். இரண்டு பிராந்தியங்களின் வைத்தியசாலைகளிலும் இன்று ஒரே நோயாளர் பதிவு அமைப்புத்தான் ஓடுகிறது: சுண்ஹெட்ஸ்பிளாட்ஃபோர்மன். உங்கள் அம்மம்மாவை வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனபோது தாதி எந்த நேரமும் பார்த்துக்கொண்டிருந்த திரை அதுதான். அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திலுள்ள எபிக் நிறுவனத்தின் அமைப்பை டென்மார்க்குக்கு ஏற்றவாறு மாற்றிச் செய்தது. செலவு சுமார் 2.8 பில்லியன் குரோனர். பல தனித்தனி அமைப்புகளுக்குப் பதிலாக ஒன்றே ஒன்று, யாரும் ஒரே விடயத்தை இரண்டு தரம் எழுதவேண்டியதில்லை என்பது நோக்கம். நோக்கத்தில் பிழை சொல்ல முடியாது.

2016 மே 21 அன்று ஹெர்லேவ், கென்டொஃப்ட வைத்தியசாலைகளில் அது முதலில் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பரில் ரிக்ஸ்ஹொஸ்பிட்டல். 2017 நவம்பரில் சீலண்ட் பிராந்தியம். அதன்பின் என்ன நடந்தது என்பது பத்திரிகைகளில் பல மாதம் வந்த செய்தி. முன்பு செயலாளர்கள் செய்த பதிவு வேலை வைத்தியர்களின் கைக்கு வந்தது. ஒரு நாளில் பார்க்கக்கூடிய நோயாளரின் எண்ணிக்கை குறைந்தது. நாடு முழுவதற்குமான பொது மருந்து அட்டையோடு அமைப்பு இணையும் இடத்தில் சிக்கல்கள் வந்தன. 2018 ஜூனில் வந்த அரச கணக்காய்வு அறிக்கை, தொடங்குவதற்கு முன்னான தயாரிப்புப் போதாது என்று விமரிசித்தது. அதற்குப் பிறகு ஆண்டுக்கணக்காகத் திருத்தங்கள் செய்யப்பட்டு வந்திருக்கின்றன. அமைப்பு நிற்கிறது, வேலையும் செய்கிறது. ஆனால் பாவிப்பவர் சொல்லவேண்டியவற்றில் பெரும்பகுதி தொடங்கிய நாளுக்குப் பிறகே கேட்கப்பட்டது.

"அது வைத்தியசாலை வைத்தியசாலையாகத்தானே வந்தது, அது படிப்படி இல்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. படி இருந்தது. ஆனால் ஒரு படியின் உயரம் ஒரு முழு வைத்தியசாலை. ஆயிரக்கணக்கான ஊழியர், எல்லாப் பிரிவுகளும், ஒரே நாளில். அப்படிப்பட்ட படியில் கால் வைத்த பிறகு திரும்பி இறங்க முடியாது. அடுத்த படிக்கான திகதியும் ஏற்கெனவே குறிக்கப்பட்டிருக்கும். சிறு படி என்றால் கற்றுக்கொண்டு நிறுத்தக்கூடிய படி, தேவைப்பட்டால் பின்னால் எடுத்து வைக்கக்கூடிய படி. துண்டு துண்டாகக் கொடுத்தால் மட்டும் அஜைல் ஆகிவிடாது. ஒரு துண்டில் கற்றது அடுத்த துண்டை மாற்றவேண்டும்.

பழைய முறையில் ஊறிய ஓர் இடம் பாதியில் பாதையை மாற்ற முடியுமா? முடியும். அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. பொலிஸ் துறையைவிடக் கட்டுப்பாடான இடம் அதிகம் இராது. தங்கள் வழக்குக் கோப்புகளைக் காகிதத்திலிருந்து கணினிக்கு மாற்ற அவர்கள் எடுத்த முதல் முயற்சி 2005இல் கைவிடப்பட்டது. சுமார் 170 மில்லியன் டொலர் போனது. 2006இல் 'சென்டினல்' என்ற பெயரில் மறுபடி தொடங்கினார்கள். 451 மில்லியன் டொலர், நான்கு பெரிய கட்டங்கள். 2010இல் கணக்காய்வாளர்கள் பார்த்தபோது சுமார் 405 மில்லியன் செலவாகியிருந்தது, முடிந்தவை இரண்டு கட்டங்கள்தான்.

அப்போது அவர்கள் வேலையை ஒப்பந்த நிறுவனத்திடமிருந்து தங்கள் கைக்கு எடுத்தார்கள். ஆட்களைக் குறைத்து ஒரு சிறு குழுவை அமைத்தார்கள். மிகுதி வேலையைச் சிறு துண்டுகளாக எழுதி, இரண்டு கிழமைச் சுற்றுகளில் செய்து, ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஓடுகிறதைக் காட்டினார்கள். 2012 ஜூலையில் சென்டினல் எல்லா அலுவலகங்களிலும் பாவனைக்கு வந்தது. அதில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. தேடும் வசதி பற்றிப் பிறகும் முறைப்பாடு இருந்தது. ஆனால் கவனியுங்கள்: இரகசியப் பாதுகாப்பு விதி மாறவில்லை, சட்டம் மாறவில்லை, கணக்காய்வாளர்கள் வீட்டுக்குப் போகவில்லை. மாறியது வேலையைச் செய்த குழுவும், காட்டும் இடைவெளியும்தான்.

வட ஐரோப்பாவுக்கு இது புதுப் பாடமும் இல்லை. அஜைல் என்ற சொல் வருவதற்கு ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே, 1980களின் நடுப்பகுதியில், ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் 'ஃபுளோரன்ஸ்' என்றொரு ஆய்வுச் செயற்றிட்டம் நடந்தது. ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலின் பெயர்தான். கணினி ஆய்வாளர்கள் தாதியரின் வேலையை அருகிலிருந்து பார்த்துப் படித்தார்கள். தாதியர் கணினி என்னவெல்லாம் செய்யும் என்று படித்தார்கள். அதன் பிறகுதான் எதைச் செய்வது என்று சேர்ந்து தீர்மானித்தார்கள். ஒருவர் மற்றவரிடம் படிப்பது என்பதே அந்தச் செயற்றிட்டத்தின் அடிப்படை. நீங்கள் வேலைத்தலத்தில் "இது அமெரிக்க நாகரிகம்" என்று யாராவது தட்டிக்கழிக்கக் கேட்டால் ஃபுளோரன்ஸின் கதையைச் சொல்லுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பழைய முறை ஓடும் இடத்தில் வேலை தொடங்கும் ஒரு பிள்ளை எங்கே கை வைக்கலாம்?

முதலாவது, எல்லாவற்றையும் மாற்றப் போகாதீர்கள். பெரிய திட்டம் அப்படியே இருக்கட்டும். அதற்குள் ஆபத்து மிகுந்த ஒரு பகுதியைத் தேடுங்கள். எல்லோரும் "அதைக் கடைசியில் பார்ப்போம்" என்று சொல்லும் பகுதி பெரும்பாலும் அதுதான். வேறொரு அமைப்போடு இணையும் இடமாக இருக்கலாம், மருந்தளவைக் கணக்கிடும் இடமாக இருக்கலாம். அதை முதலில் செய்து பார்க்க மேலாளரிடம் இரண்டு கிழமை கேளுங்கள். ஒரு வருடத்தை மாற்றித் தாருங்கள் என்று கேட்டால் மறுப்பார். இரண்டு கிழமையைக் கொடுப்பது அவருக்கும் கஷ்டமில்லை.

இரண்டாவது, துண்டை எப்படி வெட்டுவது என்பதைப் பாவிப்பவரிடம் கேளுங்கள். இதில் ஒரு தாதியாக எனக்குக் கண்டிப்பான கருத்து உண்டு. மருந்துப் பதிவைத் துண்டாக்க நினைக்கும் ஒருவர், "முதல் மாதம் குளிசைகள் மட்டும் திரையில், ஊசிகள் காகிதத்தில்" என்று வெட்டலாம். எழுதுபவருக்கு அது வசதி. எங்களுக்கு அது பயங்கரம். ஒரே நோயாளரின் மருந்துப் பட்டியல் இரண்டு இடத்தில் இருந்தால் ஒன்று தவறிப்போகும், அல்லது இரண்டு தரம் கொடுபடும். அதற்குப் பதிலாக ஒரு வார்டை எடுத்து, அங்கே இருக்கும் நோயாளரின் முழுப் பட்டியலையும் திரைக்குக் கொண்டுவந்தால், அதுவும் சிறு துண்டுதான், ஆனால் பாதுகாப்பான துண்டு. அந்த நோயாளர் வேறு வார்டுக்கு மாறும்போது என்ன நடக்கும் என்பதையும் அப்போதே கேட்டுத் தீர்க்கவேண்டும். எங்கே வெட்டக் கூடாது என்பது கட்டிலடியில் நிற்பவருக்குத்தான் தெரியும்.

மூன்றாவது, எழுத்து வேலையை எதிரியாகப் பார்க்காதீர்கள். "மருத்துவ மென்பொருளுக்குச் சட்டம் இருக்கிறது, அதனால் அஜைல் சரிவராது" என்று சிலர் சொல்வார்கள். மருத்துவ உபகரண மென்பொருளுக்கான சர்வதேசத் தரம் ஐ.ஈ.சி. 62304, 2006இல் வந்தது. எந்தெந்த வேலைகள் நடந்திருக்கவேண்டும், எவற்றுக்கு எழுத்து ஆதாரம் வேண்டும் என்று அது சொல்கிறது. அருவி முறையில்தான் செய் என்று அது கட்டாயப்படுத்தவில்லை. அப்படிப்பட்ட மென்பொருளில் அஜைலை எப்படிப் பாவிப்பது என்று அமெரிக்காவில் 2012இல் ஒரு தனி வழிகாட்டியே வெளிவந்தது. எழுதுவதைக் கடைசி மாதத்துக்கு ஒதுக்காமல் ஒவ்வொரு சுற்றிலும் எழுதி முடியுங்கள். எங்கள் தொழிலில் ஒரு வழக்குண்டு: எழுதாதது செய்யாதது. குளிசை கொடுத்த உடனே எழுதுவோம், மாத முடிவில் ஞாபகத்திலிருந்து எழுதுவதில்லை. உங்களுடைய சோதனைப் பதிவும் அப்படியே இருக்கட்டும். அப்படி இருந்தால் கணக்காய்வாளருக்கும் சந்தோஷம்.

நான்காவது, யாருக்குக் காட்டுகிறீர்கள் என்று பாருங்கள். கூட்ட அறையில் மேலாளர்களுக்குக் காட்டினால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அவர்கள் அமைதியான அறையில், பெரிய திரையில், இருந்துகொண்டு பார்க்கிறார்கள். பாவிப்பவர் விடிய நாலு மணிக்கு, கையுறையைக் கழற்றிவிட்டு, ஒரு கட்டிலில் மணி அடிக்க, இன்னொரு கட்டிலில் ஒருவர் எழும்பி நடக்கப் பார்க்க, நின்றுகொண்டு பாவிக்கிறார். அவருக்குக் காட்டுங்கள். விளக்கம் சொல்லாமல் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். எந்த இடத்தில் அவருடைய விரல் தயங்குகிறதோ அங்கேதான் உங்கள் அடுத்த இரண்டு கிழமை வேலை இருக்கிறது.

ஐந்தாவது, பெயர் மாற்றத்தில் ஏமாறாதீர்கள். காலையில் எல்லோரும் எழும்பி நின்று பதினைந்து நிமிடம் கதைப்பார்கள், கிழமைகளுக்கு ஸ்பிரின்ட் என்று பெயர் வைப்பார்கள், சுவரில் வண்ணக் காகிதம் ஒட்டுவார்கள். ஆனால் முன்னால் ஆறு மாதத் திட்டமும் பின்னால் ஆறு மாதச் சோதனையும் அப்படியே இருக்கும். பாவிப்பவர் ஒருவர்கூட அந்த வண்ணக் காகிதங்களைக் கண்டிருக்க மாட்டார். உங்கள் இடம் அப்படியா என்று அறிய ஒரு கேள்வி போதும்: பாவிப்பவர் ஒருவர் சொன்னதால் கடந்த இரண்டு மாதத்தில் நாங்கள் எதை மாற்றினோம்? பதில் இல்லையென்றால் அது பழைய முறைதான்.

மாறாது என்று நினைத்தவையும் மாறும் என்பதற்கு நம் எல்லோருடைய பையிலும் ஓர் அத்தாட்சி இருக்கிறது. சி.பி.ஆர். இலக்கம் 1968இல் டென்மார்க்கில் தொடங்கியது. பத்து இலக்கங்கள். கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்குப் போட்டு வருவது, 11ஆல் வகுத்துப் பார்த்தால் இலக்கம் சரியா பிழையா என்று தெரியும். பல கணினி அமைப்புகள் அந்தக் கணக்கை நிரந்தரம் என்று நம்பி எழுதப்பட்டன. ஆனால் பிறந்த திகதி சரியாகத் தெரியாமல் இந்த நாட்டுக்கு வந்த பலருக்கு ஜனவரி 1 என்று பதியப்பட்டது. சில ஆண்டுகளின் ஜனவரி 1க்கான இலக்கங்கள் தீர்ந்துபோயின. 2007 முதல் அந்தக் கணக்குக்குப் பொருந்தாத இலக்கங்களும் வழங்கப்படுகின்றன. அதன்பின் பழைய கணக்கையே நம்பியிருக்கும் எந்த அமைப்பும் ஓர் உண்மையான மனிதரின் உண்மையான இலக்கத்தைப் பிழை என்று தள்ளிவிடும். புலம்பெயர்ந்து வந்தவர்களின் வாழ்க்கை ஒரு நாட்டின் கணக்கையே மாற்றியது. 1968இல் யாரும் இதை எழுதியிருக்க முடியாது. அதனால்தான் "எல்லாத் தேவைகளையும் முதலிலேயே எழுதி முடி" என்பது எவ்வளவு கெட்டிக்காரருக்கும் முடியாத காரியம்.

கடைசியாக ஒன்று, நம் வீட்டுப் பிள்ளைகளுக்கென்றே சொல்வது. அஜைல் முறையில் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் குழு கூடி, எது சரிவரவில்லை என்று பேசவேண்டும். பெரியவர் முன்னால் வாய் திறக்காதே என்று வளர்ந்த எங்களுக்கு அது இலகு இல்லை. மேலாளர் இருக்கும் கூட்டத்தில் பிழையைக் கண்டும் பேசாமல் இருந்துவிடுவோம், மரியாதை என்று நினைத்து. வைத்தியசாலையில் அந்த மௌனம் ஆளைக் கொல்லும். டென்மார்க்கில் 2004 ஜனவரி 1 அன்று நோயாளர் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நோயாளருக்குத் தீங்கு செய்த, அல்லது செய்யக்கூடியதாக இருந்த எதிர்பாராத சம்பவத்தை ஊழியர் அறிவிக்கவேண்டும். அறிவித்த காரணத்துக்காக அவரைத் தண்டிக்க முடியாது. நோக்கம் குற்றவாளியைத் தேடுவதில்லை, படிப்பது. 2011 முதல் நோயாளரும் உறவினரும்கூட அறிவிக்கலாம், உங்கள் அம்மா அப்பாவுக்குச் சொல்லி வையுங்கள். நல்ல மென்பொருள் குழுவும் இதே மனத்தோடுதான் கூடுகிறது. "யார் பிழை" என்று கேட்கும் இடத்தில் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். "எங்கே வழுக்கியது" என்று கேட்கும் இடத்தில் சொல்வார்கள். மரியாதையோடு பேசலாம், ஆனால் பேசவேண்டும். "நான் புதிது, எனக்கு விளங்காமல் இருக்கலாம், ஆனால் இது எனக்குப் பயமாக இருக்கிறது" என்ற ஒரு வசனம் போதும்.

1980களில் இந்த நாட்டுக்கு வந்த எங்கள் பெற்றோரின் தலைமுறை இப்போது முதுமைக்குள் போகிறது. நீண்ட பெயர்கள், தகப்பன் பெயர் முன்னுக்கா பின்னுக்கா என்ற குழப்பம், சிலருக்கு ஜனவரி 1 பிறந்தநாள், டேனிஷில் நோவைச் சொல்லத் தெரியாத நாக்கு. அவர்கள் படுத்திருக்கும் கட்டிலுக்குப் பக்கத்திலுள்ள திரையை எழுதப்போகும் கூட்டத்தில் நீங்களும் இருப்பீர்கள். அந்தத் திட்டங்களில் நம் பெரியவர்களின் பெயர் எந்தப் பக்கத்திலும் வராது. வந்து பார்த்துக் கேட்பவர் இருந்தால்தான் அவர்கள் உள்ளே வருவார்கள்.

ஆகவே இந்த மாதத்துக்கு ஒரு வீட்டுவேலை தருகிறேன். படிப்பிலோ வேலையிலோ இப்போது நீங்கள் செய்துகொண்டிருக்கும் செயற்றிட்டத்தில் உங்களுக்குக் கூடப் பயம் தரும் பகுதி எது என்று ஒரு வரியில் எழுதுங்கள். அது முழுதாக முடியும்வரை காத்திருக்க வேண்டாம். அரைகுறையாக ஓடினாலும் பரவாயில்லை. அதைப் பாவிக்கப்போகும் ஒருவருக்கு இரண்டு கிழமைக்குள் காட்டுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் சொல்லுங்கள். உங்கள் பதில்களிலிருந்து சிலவற்றை அடுத்த இதழில் எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் தாதி அக்கா